கனிமக் குத்தகையும் காரணம் கேட்கும் உரிமையும்

கூட்டுறவுச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் எம்போன்ற ஆய்வாளர்கள் வரவு செலவுப் புத்தகங்களோடு கடிதக் கோப்புகளையும் புரட்டிப் பார்ப்பது வழக்கம். சங்கத்திடம் என்ன இருக்கிறது என்பதைக் கணக்குப் புத்தகம் சொல்லும்; சங்கத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கடிதக் கோப்புச் சொல்லும்.

சில ஆண்டுகளுக்கு முன் கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில், கல்லுடைக்கும் தொழிலாளர்கள் கூடி அமைத்த சிறு சங்கத்தின் கோப்பை அவ்வாறு புரட்டிக்கொண்டிருந்தேன். அங்கத்தினர்களில் பெரும்பாலோர் பிறருடைய கல்குவாரிகளில் தலைமுறையாகக் கூலிக்குச் சம்மட்டி பிடித்தவர்கள். சிறுகச் சிறுகப் பங்குத் தொகை சேர்த்து, தங்களுக்கென்று ஒரு குவாரி அமைய வேண்டுமென்று அவர்கள் விரும்பினார்கள். விவசாய அங்கத்தினர் ஒருவருக்கு, ஏர் பூட்ட உதவாத பாறை நிலம் பட்டாவில் இருந்தது. அவர் மனமுவந்து சம்மதக் கடிதம் கொடுத்தார். அந்நிலத்தில் கல்லெடுக்கக் குத்தகை உரிமை வேண்டிச் சங்கம் விண்ணப்பித்தது. ஓராண்டுக்கு மேல் காத்திருந்து பெற்ற விடை இரண்டே வரி. விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது என்பது முதல் வரி; ஏற்பதற்கில்லை என்பது இரண்டாம் வரி.

சங்கத் தலைவர் அறுபது வயதைக் கடந்த பெரியவர். நான் அக்கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை பேசாதிருந்தார். பிறகு கேட்டார்:

"ஏனுங்க ஐயா, எங்க மேல என்ன குறைன்னு அதுல எழுதியிருக்குதுங்களா?"

"இல்லைங்க, பெரியவரே" என்றேன்.

"அப்படின்னா நாங்க எதைத் திருத்திக்கிறதுங்க?"

பட்டம் பெற்றவன், கூட்டுறவுச் சட்டத்தில் தேர்வெழுதித் தேறியவன் என்ற பெயர் இருந்தும், அன்று அவருக்குச் சொல்லத்தக்க விடை என்னிடம் இருக்கவில்லை. பின்னர், கனிமக் குத்தகை பற்றிய தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன். அப்பெரியவர் கேட்ட கேள்வியே பல்லாண்டுகளுக்கு முன் நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தில் எழுந்து, விடையும் பெற்றிருப்பதைக் கண்டேன். அவ்விடையைச் சங்கங்கள் அனைத்தும் அறிந்திருத்தல் நலம் என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதலானேன். குவாரி கேட்கும் சங்கங்களுக்கு மட்டுமன்றி, அரசாங்கத்திடம் எதற்காகவேனும் விண்ணப்பிக்கும் நெசவாளர், விவசாயி ஆகிய எல்லோருக்கும் இது பயன்படும்.

சட்டத்தின் அமைப்பு

முதலில் சட்டத்தின் பொது அமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். சுரங்கங்கள், கனிமங்கள் பற்றிய மத்தியச் சட்டம் 1957-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இரும்புத் தாது, மாங்கனீசு, சுண்ணாம்புக்கல் போன்றவை பெருங்கனிமங்கள். கட்டடக் கல், சரளை, சாதாரண மணல், சாதாரணக் களிமண் முதலியன சிறுகனிமங்கள். சிறுகனிமங்களுக்கு விதி செய்யும் அதிகாரத்தை அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவு மாநில அரசாங்கத்துக்கு அளிக்கிறது. அவ்வதிகாரத்தின்படி நம் மாநிலத்தில் 1959-ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகள் ஏற்பட்டன. நம் சங்கங்கள் கேட்கக்கூடிய கல்குவாரி இவ்விதிகளுக்குள் அடங்கும்.

பெருங்கனிமக் குத்தகை விண்ணப்பம் பற்றி மாநில அரசாங்கம் பிறப்பிக்கும் ஆணையால் பாதிக்கப்பட்டவர், அச்சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி மத்திய அரசாங்கத்திடம் சீராய்வு மனுச் செய்யலாம். சிறுகனிமங்களுக்கு மாநில விதிகளிலேயே மேல்முறையீட்டுக்கு இடமுண்டு. இவ்வழிகளால் நியாயம் கிட்டவில்லையெனின், அரசியலமைப்பின் 226-ஆம் விதியின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்யலாம்.

இவ்வழியே நீதிமன்றம் சென்ற வழக்குகள் பல. அவற்றுள் இரண்டு வழக்குகளை நம் அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொண்டாற் போதும். ஒன்று நமக்குக் கசப்பானது, மற்றொன்று இனிப்பானது. கசப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கறுப்புக் கிரானைட் வழக்கு

நம் மாநிலத்தில் கிடைக்கும் கறுப்புக் கிரானைட் கல்லுக்கு வெளிநாடுகளில் நல்ல விலையுண்டு. முன்னர்த் தனியார் பலர் அதைக் குத்தகைக்கு எடுத்து வெட்டி வந்தனர். 1977-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மாநில அரசாங்கம் 1959-ஆம் ஆண்டு விதிகளில் 8-சி என்ற புதிய விதியைச் சேர்த்தது. அம்மாதம் 7-ஆம் தேதி முதல் கறுப்புக் கிரானைட் வெட்டத் தனியாருக்குக் குத்தகை அளிப்பதில்லை. அரசாங்கமே வெட்டலாம், அல்லது முழுதும் அரசாங்கத்துக்குச் சொந்தமான கழகத்துக்குக் குத்தகை அளிக்கலாம் என்பது அவ்விதியின் சாரம்.

இவ்விதி வருவதற்கு முன்பே பலர் புதிய குத்தகைக்கும், பழைய குத்தகையைப் புதுப்பிக்கவும் விண்ணப்பித்துக் காத்திருந்தனர். புதிய விதியைக் காட்டி அவ்விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன. அவர்கள் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம், 8-சி விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. மாநில அரசாங்கம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. ஹிந்த் ஸ்டோன் வழக்கு என்று வழங்கும் அவ்வழக்கில் 1981-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி.

விண்ணப்பதாரர்களின் வாதம் கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். "நாங்கள் விண்ணப்பித்த நாளில் இந்த விதி இல்லை. எங்கள் விண்ணப்பங்களை உரிய காலத்தில் முடிவு செய்திருந்தால் எங்களுக்குக் குத்தகை கிடைத்திருக்கும். தாமதித்தது அரசாங்கம், தண்டனை எங்களுக்கா?" என்பதே அவ்வாதத்தின் உட்கிடை.

உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. காடும் ஆறும் கனிமமும் நாட்டின் பொதுச் செல்வம். ஒரு தலைமுறை அவற்றைத் தீர்த்துவிட உரிமையில்லை என்ற அடிப்படையிலிருந்து அது தொடங்கிற்று. கனிமத்தைப் பாதுகாத்து அளவறிந்து எடுக்கும்பொருட்டுத் தனியார் குத்தகையை நிறுத்துவதும் முறைப்படுத்தும் அதிகாரத்துக்குள் அடங்கும் என்று கூறி, 8-சி விதி செல்லும் என்றது. குத்தகை பெறுவதிலோ புதுப்பிப்பதிலோ எவருக்கும் முன்கூட்டியே நிலைபெற்ற உரிமை இல்லை. விண்ணப்பங்களை நியாயமான காலத்துக்குள் முடிவு செய்ய வேண்டியது அரசாங்கத்தின் கடமைதான். ஆயினும் முடிவு செய்யும் நாளில் எந்த விதி நடைமுறையில் இருக்கிறதோ அந்த விதியின்படியே முடிவு செய்தாக வேண்டும். தாமதம் ஏற்பட்டது என்பதற்காகப் பழைய விதிக்கு உயிர் கொடுக்க இயலாது.

இதன் பொருளை நம் சங்கத்தார் நன்கு உணர வேண்டும். விண்ணப்பம் கொடுத்துவிட்டோம், பணம் கட்டி ரசீதும் பெற்றுவிட்டோம் என்பதனால் மட்டும் நிலம் நம் கைக்கு வந்துவிடவில்லை. குத்தகை வரும் என்று நம்பிக் கடன் வாங்கிக் கம்ப்ரெசரும் லாரியும் வாங்கி நிறுத்துவது, பிறவாத கன்றுக்குக் கயிறு திரித்த கதையாகும்.

2015-ஆம் ஆண்டின் மாறுதல்

இக்கொள்கை எத்தனை வலியது என்பதைப் பிற்காலத்து நிகழ்ச்சி ஒன்றும் காட்டும். 2015-ஆம் ஆண்டில் மத்தியச் சட்டம் பெரிதும் திருத்தப்பட்டது. அதுவரை விண்ணப்பத்தின் பேரில் அளிக்கப்பட்டு வந்த பெருங்கனிமக் குத்தகை, அதன்பின் ஏலத்தின் வாயிலாக அளிக்கப்படும் முறை வந்தது. புதிதாகச் சேர்ந்த 10-ஏ பிரிவு, அவ்வாண்டு ஜனவரி 12-ஆம் தேதிக்கு முன் பெறப்பட்டு நிலுவையில் இருந்த விண்ணப்பங்களைச் சில விலக்குகள் நீங்கலாகத் தகுதியற்றவை ஆக்கிற்று. மத்திய அரசாங்கத்தின் முன் அனுமதியோ மாநில அரசாங்கத்தின் இசைவுக் கடிதமோ முன்னரே பெற்றிருந்தவர்கள் அவ்விலக்குகளுள் அடங்குவர்.

ஒடிசாவில் எஃகு நிறுவனம் ஒன்று இரும்புத் தாதுக் குத்தகை கேட்டுப் பல்லாண்டு வழக்காடியது. 2012-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே அதற்குச் சாதகமாக ஆணையிட்டது. அவ்வாணை நிறைவேறிக் குத்தகை கைக்கு வருவதற்குள் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் குறுக்கிட்டது. நிறுவனம் மீண்டும் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அதன் விண்ணப்பம் விலக்குகளுக்குள் வரவில்லை. ஆகவே தகுதியிழந்துவிட்டது என்று 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் முடிவு கூறிற்று. வென்ற வழக்கின் பயனும் சட்டம் மாறியதால் கைநழுவிப் போயிற்று. பெரும் பொருளும் பெரிய வழக்கறிஞர்களும் உடையோர்க்கே இந்நிலையாயின், சிறு சங்கங்கள் காலத்தின் அருமையைப் பற்றி எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும்!

நிற்க. குத்தகை பெறும் உரிமை எவருக்கும் இல்லையென்றால், அரசாங்க அலுவலர் தம் மனம்போல் ஒருவருக்குக் கொடுத்து மற்றொருவருக்கு மறுக்கலாமோ என்ற ஐயம் எழும். கூடாது என்பதே இரண்டாம் வழக்கின் போதனை.

கடப்பைக் கல்நார் வழக்கு

ஆந்திர மாநிலத்துக் கடப்பை மாவட்டம் கல்நாருக்குப் பெயர் பெற்றது. அம்மாவட்டத்தின் புலிவெந்துலா வட்டத்தில் சில இடங்களில் கல்நார் எடுக்கக் குத்தகை விடுவதாக 1964-ஆம் ஆண்டில் மாநில அரசாங்கம் அறிவித்து விண்ணப்பங்கள் கோரியது. போட்டியிட்டவர்களுள் பகத்ராஜா என்பவர் ஒருவர். நிறுவனம் ஒன்றும் போட்டியிட்டது. மாநில அரசாங்கம் நிறுவனத்துக்கே குத்தகை என்று முடிவு செய்தது. பகத்ராஜா மத்திய அரசாங்கத்திடம் சீராய்வு மனுக் கொடுத்தார். மனுவின் மீது மாநில அரசாங்கத்தின் கருத்துக் கேட்கப்பட்டது. அக்கருத்துக்கு மனுதாரரின் மறுமொழியும் பெறப்பட்டது. இவ்வளவும் நடந்தபின் மத்திய அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எல்லாவற்றையும் கவனமாக ஆராய்ந்ததில், மாநில அரசாங்கத்தின் முடிவில் தலையிடத் தக்க காரணம் இல்லை என்பதே அதன் உள்ளடக்கம். எதை ஆராய்ந்தார்கள், எந்த வாதத்தை ஏன் தள்ளினார்கள் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

நம் கல்லுடைப்போர் சங்கத்துக்கு வந்த இரண்டு வரிக் கடிதத்துக்கு இது அண்ணன் முறை என்று சொல்லலாம்.

பகத்ராஜா நேரே உச்ச நீதிமன்றத்தை நாடினார். இவ்விஷயத்தில் ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே நீதிபதிகளிடையே கருத்து வேற்றுமை தோன்றியிருந்தது. மத்தியப் பிரதேசத்து நிறுவனம் ஒன்றின் மாங்கனீசுக் குத்தகை வழக்கில், சீராய்வு ஆணையில் காரணம் கூறியே தீர வேண்டும் என்று நீதிபதி சுப்பா ராவ் கருதினார். உடன் அமர்ந்த மற்ற இருவர், அவ்வழக்கில் அது இன்றியமையாததன்று என்று கருதினர். ஆகவே கடப்பை வழக்கில் இக்கேள்வியைத் தெளிவாகத் தீர்க்க வேண்டியதாயிற்று.

1967-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சீராய்வு மனுவை முடிவு செய்யும்போது மத்திய அரசாங்கம் ஒரு நீதிபதியைப் போன்ற பணியையே செய்கிறது. அதன் ஆணையை ஆராயும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் உண்டு. காரணமே கூறாத ஆணையை மேல்மன்றம் எவ்வாறு ஆராயும்? மாநில அரசாங்கம் ஐந்து காரணங்களைச் சொல்லியிருக்க, அவற்றுள் மூன்று நல்லவையாகவும் இரண்டு தீயவையாகவும் இருக்கலாம். மத்திய அரசாங்கம் வெறுமனே "சரி" என்றால், அது நல்லவற்றை ஏற்றதா, தீயவற்றை ஏற்றதா என்பதை எவ்வாறு அறிவது? இவ்வாறு ஆய்ந்து, காரணம் கூறாத அந்த ஆணையை உச்ச நீதிமன்றம் நீக்கிற்று; சட்டப்படி மீண்டும் முடிவு செய்யுமாறு மத்திய அரசாங்கத்தைப் பணித்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். நீதிமன்றம் பகத்ராஜாவுக்குக் குத்தகையைக் கொடுத்துவிடவில்லை. யாருக்குக் கொடுப்பது என்பது அரசாங்கத்தின் வேலை; எப்படி முடிவு செய்தார்கள் என்று பார்ப்பதே நீதிமன்றத்தின் வேலை. வழக்காடியவர் பெற்றது சுரங்கம் அன்று; காரணம் சொல்லப்பெறும் உரிமை. ஆயினும் அது சிறிய பேறு அன்று. காரணத்தை எழுதியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், எழுதுவதற்குக் காரணம் இல்லாத முடிவை எடுக்கக் கை கூசும்.

இரண்டையும் இணைத்துப் பார்த்தல்

கறுப்புக் கிரானைட் வழக்கும் கடப்பை வழக்கும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றலாம். உண்மையில் அவை ஒரே கொள்கையின் இரு பக்கங்கள். கனிமம் பொதுச் சொத்து என்பதனால் அதன்மேல் தனி ஒருவர்க்கு உரிமையில்லை. அதே காரணத்தால் அதைப் பகிர்ந்தளிக்கும் அலுவலர்க்கும் அது சொந்தமன்று. அவர் பொதுமக்களின் தர்மகர்த்தா. தர்மகர்த்தா கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். பணத்துக்குக் கணக்கு ரசீது. முடிவுக்குக் கணக்குக் காரணம்.

மேலும் ஒரு வழக்கைச் சொல்கிறேன். நம் மாநிலச் சிறுகனிம விதிகளில் 39-ஆம் விதி, வழக்கமான நிபந்தனைகளுக்குப் புறம்பாகவும் குத்தகை அளிக்கும் தனி அதிகாரத்தை அரசாங்கத்துக்கு வழங்கிற்று. ஆனால் கனிம வளர்ச்சியும் பொதுநலனும் அதை வேண்ட வேண்டும். காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் அவ்விதியிலேயே இருந்தன. அவ்வதிகாரம் வரம்பற்றது என்று சென்னை உயர் நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. பிரீமியர் அன்று, பிரீமியம் கிரானைட்ஸ் வழக்கு என்று பெயர் பெற்ற அவ்வழக்கில், 1994-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. விதியை நீக்க வேண்டியதில்லை; தவறாகப் பயன்படுத்தப்பட்டால் அந்தத் தனி ஆணையை எதிர்த்து வழக்காடலாம் என்பதே அதன் கருத்து. ஆகவே அதிகாரம் எவ்வளவு பெரிதாயினும், அதனுடன் காரணம் எழுதும் கடமையும் இணைந்தே வருகிறது என்பது விளங்கும்.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

இனி, நம் சங்கங்கள் கைக்கொள்ளத் தக்க சில முறைகளைக் கூறுகிறேன்.

முதலாவது, விண்ணப்பத்தில் நம் பக்கம் குறை வைத்தலாகாது. பொதுக்குழுத் தீர்மானம், நிலத்தின் சர்வே எண், சிட்டா, அடங்கல், புல வரைபடம், நில உரிமையாளரின் சம்மதம் ஆகியவற்றை ஒழுங்காக இணைக்க வேண்டும். குடியிருப்பு, சாலை, நீர்நிலை ஆகியவை அருகில் இருப்பின் அவற்றின் தூரத்தை நாமே அளந்து குறிக்க வேண்டும். மறைத்தால் பிறகு அதுவே மறுப்புக்குக் காரணமாகும். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹரியானா மாநிலக் குவாரிகள் பற்றிய தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைக்குப்பின், ஐந்து ஹெக்டேருக்கு உட்பட்ட சிறிய குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றாயிற்று. அதற்குரிய காலத்தையும் செலவையும் முதலிலேயே கணக்கிட்டுக்கொள்க. பக்கத்து வயல்களில் பயிரிடுவோருக்கு இவ்வனுமதி ஒரு பாதுகாப்பு. அவர்களும் நம் அங்கத்தினர்களே என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, ஆணை வந்தால் அது நம் கைக்குக் கிடைத்த தேதியை அதன்மேலேயே குறித்து, அஞ்சல் உறையையும் பத்திரப்படுத்த வேண்டும். மேல்முறையீட்டுக்கும் சீராய்வுக்கும் காலவரையறை உண்டு. பெருங்கனிமச் சீராய்வுக்கு, ஆணை தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதம். சிறுகனிம மேல்முறையீட்டுக்குரிய கெடுவை நடப்பு விதிகளைப் பார்த்து, ஆணை வந்த அன்றே காலண்டரில் குறித்துக்கொள்க. பிரமுகர்களைக் காணச் சென்று நாட்களைப் போக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவர்களைக் காணக்கூடாது என்பதில்லை. ஆனால் அக்காத்திருப்புக்காகக் கெடு நின்று கொடுக்காது.

மூன்றாவது, ஆணையில் காரணம் இல்லையெனில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், 4-ஆம் பிரிவில், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தன் முடிவின் காரணங்களைப் பொது அதிகார அமைப்பு தெரிவிக்க வேண்டும் என்று கூறுகிறது. அச்சட்டத்தின்படி மனுக் கொடுத்துக் கோப்பிலுள்ள குறிப்புகளின் நகலையும் பெறலாம். அதற்கு விடையளிக்க முப்பது நாள் தவணை உண்டு. விடை வரட்டும் என்று மேல்முறையீட்டை நிறுத்திவைத்தல் கூடாது. இரண்டும் ஒருங்கே நடக்கட்டும்.

நான்காவது, மேல்முறையீட்டு மனுவில் கோபச் சொற்களுக்கு இடம் தரலாகாது. "இன்னார் பணம் வாங்கிக்கொண்டார்" என்று சான்றின்றி எழுதும் ஒரு வரி, நல்ல வழக்கையும் கெடுத்துவிடும். என்ன கேட்டோம், என்ன சான்று வைத்தோம், எதற்கு விடை கூறப்படவில்லை என்று எண்ணிட்டு எழுதினாற் போதும்.

ஐந்தாவது, குத்தகைப் பத்திரம் கையெழுத்தாகும்வரை சங்கத்தின் பணத்தை இயந்திரத்தில் முடக்கலாகாது. இதைக் கறுப்புக் கிரானைட் வழக்கு நமக்குக் கற்பித்தது.

பெரியவரின் கேள்விக்குக் கிடைத்த விடை

கொங்கு நாட்டுச் சங்கத்தின் கதையை முடிக்காமல் விடலாகாது. நான் சென்று பார்த்தபோது நற்பேறாக மேல்முறையீட்டுக் கெடுவில் சில நாட்கள் மீதமிருந்தன. சங்கத்தின் காரியதரிசி பள்ளியிறுதி படித்த இளைஞர். அவரும் நிர்வாகக் குழுவினரும் அமர்ந்து, இரண்டு பக்கத்தில் மனு எழுதினார்கள். குவாரி வேண்டும் என்று அதில் வாதாடவில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்ட காரணம் கூறப்படவில்லை. கூறினால் குறையிருப்பின் திருத்திக்கொள்வோம் என்று மட்டும் எழுதினார்கள். சில மாதங்களுக்குப்பின் அந்த ஆணை நீக்கப்பட்டு, விண்ணப்பம் மறுபரிசீலனைக்குத் திரும்பியது. இடத்தை அளந்து பார்த்தார்கள். மீண்டும் ஆணை வந்தது. இம்முறையும் மறுப்பே.

ஆனால் இம்முறை காரணம் இருந்தது. பாறைக்குத் தெற்கேயுள்ள குடியிருப்பு, விதி வேண்டும் தூரத்துக்குள் இருக்கிறது என்பது அக்காரணம். நிர்வாகக் குழுவினர் தாங்களே அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தார்கள். உண்மையாகவே இருந்தது. அக்குடியிருப்பில் அங்கத்தினர் இருவரின் வீடுகளும் இருந்தன. வெடி வைத்தால் முதலில் விரிசல் காணும் சுவர்கள் அவர்களுடையவே. எவரும் குறை கூறவில்லை. பின்னர் வேறொரு விவசாயியின் நிலத்தில், குடியிருப்புக்குத் தொலைவாக, புதிய இடம் தேடத் தொடங்கினார்கள்.

அடுத்த முறை சென்றபோது பெரியவர் சொன்னார்: "இப்பவும் இல்லைன்னுதான் சொல்லிட்டாங்க, ஐயா. ஆனா மனசு ஆறிப்போச்சுங்க. போன தடவை எங்களை நாயை விரட்டுற மாதிரி விரட்டினாங்க. இந்தத் தடவை மனுசனுக்குப் பதில் சொன்னாங்க."

இச்சொல் என்னைச் சுட்டது. ஏனெனில் நானும் ஒரு முறை அவ்வாறு விரட்டியிருக்கிறேன். பணியிற் சேர்ந்த புதிதில், கைத்தறி நெசவாளர் சங்கம் ஒன்றின் கடன் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. தீபாவளிக்கு முன் நூல் வாங்கக் கேட்ட கடன். இணைக்க வேண்டிய இருப்புப் பட்டியல் அதில் இல்லை. நான் அதைச் சொல்லாமல், "பரிந்துரைக்க இயலாது" என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிட்டேன். அன்று வேலை மிகுதி; ஒரு வரி எழுதுவது எளிதாயிருந்தது. அச்சங்கத்தார் என்னை வந்து கேட்கவில்லை. அதிகாரி மறுத்தால் மறுத்ததுதான் என்று எண்ணியிருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் பல தறிகள் நூலின்றி நின்றன என்பதைப் பின்னரே அறிந்தேன். காரணத்தை எழுதியிருந்தால், இருப்புப் பட்டியலை அவர்கள் ஒரே நாளில் தயாரித்துக் கொண்டுவந்து தந்திருப்பார்கள்.

அன்றுமுதல் எந்த விண்ணப்பத்தை மறுத்தாலும் காரணத்தை எழுதாமல் கையெழுத்திடுவதில்லை என்று உறுதி பூண்டேன். சங்க நிர்வாகிகளுக்கும் இதையே வேண்டிக்கொள்கிறேன். அங்கத்தினர் ஒருவர் கடன் கேட்டு மறுக்கும்போதும், புதிதாகச் சேர வந்தவரைச் சேர்க்க இயலாதபோதும், தீர்மானப் புத்தகத்தில் காரணத்தை எழுதுங்கள், அவருக்கும் தெரிவியுங்கள். அரசாங்கத்திடம் நாம் கேட்கும் நியாயத்தை நம் அங்கத்தினருக்கு நாம் அளிக்காதிருப்பது முறையன்று.

மலையிலுள்ள கல் எவருக்குப் போகும் என்பதை அந்நாளைய விதி முடிவு செய்யட்டும். ஆனால் "எதைத் திருத்திக்கொள்வது?" என்று கேட்டு நிற்கும் மனிதனுக்கு விடை சொல்லும் கடமை, பெரிய அலுவலகத்திலிருந்து சிறிய சங்கம்வரை நம் எல்லோருக்கும் உண்டு.